இடது கை மயிலாஞ்சி

உடம்புத் தோலை எப்போது தேய்க்க வேண்டும், எப்படித் தேய்க்க வேண்டும் என்று கேட்டால் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன். அதுதான் என் பிழைப்பு. மட்டாஞ்சேரியில் ஸாதனா சேச்சி நடத்தும் பியூட்டி பார்லரில் கல்யாணப் பெண்களைத் தேய்த்து அனுப்புவது நான்தான். முதலில் தோல் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊற வேண்டும். காய்ந்த தோலில் கை வைக்கவே கூடாது. வட்டமாக, மெல்லத் தேய்க்க வேண்டும், கரிப்பிடித்த பாத்திரம் துலக்குகிற வேகம் ஆகாது. வாரத்துக்கு ஒரு தடவை போதும். தினமும் தேய்த்தால் நிறம் வந்துவிடும் என்று நினைக்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். காயமோ வெயிலில் கன்றிய இடமோ இருந்தால் அதை விட்டுவிட வேண்டும். தேய்த்ததும் ஈரம் காய்வதற்குள் எண்ணெய் தடவ வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று உண்டு. தேய்ப்பதென்றால் மயிலாஞ்சிக்கு முன்னால் தேய்த்துவிட வேண்டும், பின்னால் கூடாது. மருதாணிச் சாயம் பிடிப்பது மேலே இருக்கிற செத்த தோலில்தான். தேய்த்தால் தோலோடு அதுவும் போய்விடும். இதை எத்தனையோ பெண்களுக்குச் சொல்லியிருக்கிறேன். என் வீட்டுக்காரர் ஷாஹிரை அடக்கம் செய்த மறுநாள் என் கையைத் தேய்க்க வந்தவர்களிடம் மட்டும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் நிக்காஹ் நடந்தது. வியாழக்கிழமை காலையில் அவர் வெலிங்டன் தீவுக் கோடவுனுக்கு வேலைக்குத் திரும்பினார். தோப்பும்படிப் பாலத்தில் பைக்கின் மேல் கண்டெய்னர் லாரி ஏறிவிட்டது. இதற்கு மேல் இதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. போலீஸ், ஆஸ்பத்திரி எல்லாம் முடிந்து வெள்ளிக்கிழமைதான் மய்யத்து வீட்டுக்கு வந்தது. எல்லாரும் அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை. சாயா கொடுத்தார்கள், குடித்தேன். படு என்றார்கள், படுத்தேன். பெண் கல்லு மாதிரி இருக்கிறாள் என்று யாரோ அடுக்களையில் சொன்னது காதில் விழுந்தது. கல்லுக்குச் சாயா இறங்காதே என்று நினைத்துக்கொண்டேன். அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டு நசீபா ராத்தாவுக்குத்தான் முதலில் என் கை கண்ணில் பட்டது. இரண்டு கையிலும் மயிலாஞ்சி மாட்டு ரத்தம்போல் கறுத்துச் சிவந்து கிடந்தது. எங்கள் பார்லர் மயிலாஞ்சி அப்படித்தான் பிடிக்கும்.

"இத்தா இருக்கிற பொண்ணு கையில இப்படிச் செவப்பு இருக்கலாமா? வர்றவங்க போறவங்க என்ன பேசுவாங்க?" என்றார்.

இத்தா என்பது வீட்டுக்காரர் இறந்தபின் பெண் நாலு மாதம் பத்து நாள் அலங்காரமில்லாமல் ஒதுங்கி இருப்பது. புதிதாக இடக்கூடாது என்றுதான் கேள்விப்பட்டிருக்கிறோம், ஏற்கெனவே இருப்பதற்கு என்ன என்று வேறொரு பெண் இழுத்தாள். பள்ளிவாசல் உஸ்தாதிடம் கேட்டுவிடலாமே என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா என்று நசீபா ராத்தா சொன்னதோடு பேச்சு முடிந்துவிட்டது. ஊர் வாய் என்பது பெரும்பாலும் அவர் வாய்தான் என்பது வேறு விஷயம்.

மாமி, அதாவது ஷாஹிரின் உம்மா, எழுந்து போனார். இரண்டு நாளாக அழுது அழுது ஓய்ந்து, செய்ய ஒரு வேலையும் இல்லாமல் சுவரோரம் உட்கார்ந்திருந்தவர். ஒரு வேலை கிடைத்ததும் அதைப் பிடித்துக்கொண்டார். எலுமிச்சம்பழம், கல்லுப்பு, ஒரு கட்டு இஞ்சை எல்லாம் எடுத்து வந்தார். இஞ்சை என்பது ஒரு கொடியின் பட்டையை இடித்து எடுக்கிற நார். இந்த ஊரில் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறவர்கள் அழுக்கு உருட்ட வைத்திருப்பார்கள். அதை ஊறவைத்துத்தான் தேய்க்க வேண்டும். மாமி ஊறவைக்கவில்லை. எலுமிச்சையும் உப்பும் சேர்ந்தால் தோல் வெந்துபோகும். நசீபா ராத்தா கதவருகில் நின்று இன்னும் கொஞ்சம் உப்புப் போடச் சொல்லிக்கொண்டிருந்தார். கொல்லன் தெருவில் வந்து ஊசி விற்கிறாரே என்று நினைத்தேன். சிரிப்பு வரவேண்டிய இடம். அதுவும் வரவில்லை.

என்னைக் குளியலறையில் முக்காலி போட்டு உட்கார வைத்தார்கள். மாமி என் வலது கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு தேய்க்கத் தொடங்கினார்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மயிலாஞ்சிக் கோலத்துக்குள் மாப்பிள்ளை பெயரை ஒளித்து எழுதுவது எல்லா இடத்திலும் உள்ள வழக்கம்தான். மாப்பிள்ளை அதைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். என் வலது கைக்கு ஸாதனா சேச்சி போட்டுவிட்டார். இடது கைக்கு நானே போட்டேன். பெருவிரல் அடியில் ஒரு கொடி வரைந்து, கொடிக்குள்ளே ஷாஹிர் என்று எழுதினேன். தமிழில் எழுதினேன். நான் பாலக்காட்டில் பிறந்தவள். அத்தாவின் கடைக்குத் தினமும் தமிழ்ப் பேப்பர் வரும். அதை வைத்துத்தான் எழுத்துக் கற்றுக்கொண்டேன். ஷாஹிர் வீட்டில் தமிழ்தான் பேசுவார். படித்தது முழுக்க மலையாளம். தமிழ் எழுத்தில் ஒன்றுகூட அவருக்குத் தெரியாது.

தெரிந்தேதான் அப்படிச் செய்தேன். கொஞ்சம் விளையாட்டுக் காட்டலாம் என்று நினைத்தேன். அவர் மலையாளத்தில் தேடினார், அரபியில் தேடினார், இங்கிலீஷில் தேடினார். செவ்வாய்க்கிழமை போர்ட் கொச்சியிலிருந்து வைப்பீனுக்குப் படகில் போனபோது என் கையை விரித்து வைத்துக்கொண்டு ரேகை பார்க்கிறவர் மாதிரி குனிந்துவிட்டார். எதிரே இருந்த மீன்காரி, "கல்யாணம் ஆயிருமாடா மோனே?" என்று கேட்க, படகே சிரித்தது. எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. சொல்லிவிடட்டுமா என்றேன். சொல்லாதே, நானே கண்டுபிடிப்பேன் என்றார். புதன்கிழமை ராத்திரியும் தேடினார். அந்தக் கொடியை விரலால் தடவிக்கொண்டே போனார். பெயர்மேல் விரல் பட்டது. பட்டும் தெரியாமல் தாண்டிப் போனார்.

மாமி வலது கையை முடித்துவிட்டார். உள்ளங்கை புழுங்கல் அரிசி நிறத்துக்கு வந்து, அங்கங்கே திட்டுத்திட்டாகச் சிவந்திருந்தது. அது மயிலாஞ்சிச் சிவப்பு அல்ல. எனக்கு வலிக்கவில்லை. யாரோ ஒரு வாடிக்கையாளரின் கையைப் பார்க்கிற மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்படித் தேய்த்தால் நாளைக்குக் கொப்புளம் வரும் என்று மனசு கணக்குப் போட்டது.

இடது கையை எடுத்தார்.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஒரு சொல்தான். மாமி கெட்டவர் இல்லை, சொன்னால் கேட்டிருப்பார். ஆனால் எதற்காக வேண்டாம் என்று கேட்பார்கள், அதற்குப் பதில் சொல்ல வேண்டும், சொன்னால் நசீபா ராத்தா அதைத் தெரு முழுக்கக் கொண்டுபோவார். அதை நினைக்கவே அலுப்பாக இருந்தது. வாய் இருந்தது, அதைத் திறக்க ஆள் இல்லை. மணிக்கட்டிலிருந்து மேலே தேய்த்துக்கொண்டு வந்தார். வளையல் போல் போட்டிருந்த பூவெல்லாம் போயிற்று. கொடியின் அடி போயிற்று. இன்னும் இரண்டு இழுப்பில் பெயர் போய்விடும் என்று எனக்குத் தெரிந்தது. நான் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இஞ்சை நின்றது.

எலுமிச்சைச் சாறு தெறித்ததால் மாமி கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டிருந்தார். போட்டதும் என் கையை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். மாமி கடையநல்லூரில் பிறந்தவர். இன்றைக்கும் அங்கிருந்து வரும் தமிழ்க் காலண்டரில்தான் நாள் பார்ப்பார். எனக்கு அது நினைவிலேயே இல்லை. அவர் உதடு மெல்ல அசைந்தது. சத்தம் வரவில்லை. மூன்று எழுத்துக்கு எவ்வளவு நேரம் ஆகும்? அவருக்கு அவ்வளவு நேரம் ஆயிற்று.

"இது அவன் பேருல்லா?" என்றார்.

"ஆமா மாமி."

"அவன் பாத்தானா?"

"தேடிட்டே இருந்தாங்க. கண்டுபிடிக்கல."

மாமி என் கையை விடவில்லை. இஞ்சை நார் கீழே ஈரத்தில் கிடந்தது.

"அவனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாதே மோளே," என்றார். "சின்னதுல சொல்லித் தாங்க உம்மான்னு கேட்டான். இந்த ஊருல எதுக்குடா தமிழுன்னு நான்தான் விட்டுட்டேன்."

கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து நசீபா ராத்தாவின் குரல் வந்தது. எல்லாம் போய்விட்டதா, இன்னும் எலுமிச்சம்பழம் வேண்டுமா என்று கேட்டார்.

மாமி என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார். பெருவிரலை உள்ளே வைத்துக் கையை மூடி, அதன்மேல் தன் இரண்டு கையையும் வைத்துக்கொண்டார்.

"போயிருச்சு," என்று வெளியே கேட்கும்படி சொன்னார். "எல்லாம் போயிருச்சு, நீ போ நசீபா."

நசீபா ராத்தாவின் செருப்புச் சத்தம் நடை தாண்டிப் போகும்வரை நாங்கள் அசையவில்லை. பிறகு மாமி குரலைத் தாழ்த்தி, இனித் தேய்க்காமல் விட்டால் இது எவ்வளவு நாள் நிற்கும் என்று கேட்டார். பார்லரில் வாடிக்கையாளருக்குச் சொல்வது போலவே சொல்ல ஆரம்பித்தேன். சோப்புப் போடக் கூடாது. தண்ணீரில் கை வைப்பதற்கு முன்னால் தேங்காயெண்ணெய் தடவ வேண்டும். பாத்திரம் கழுவக் கூடாது. எப்படி வைத்துக்கொண்டாலும் ரொம்ப நாள் நிற்காது, தோல் தானாக உதிர்ந்துவிடும் என்று சொல்லப் போனேன். அந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. வலது உள்ளங்கையில் என்னவோ ஆயிற்று. உப்பும் எலுமிச்சையும் அப்போதுதான் உள்ளே இறங்கின போல, மணிக்கட்டு வரை தீயாய் எரிந்தது.

"எரியுது மாமி," என்றேன். "ரொம்ப எரியுது."

வியாழக்கிழமையிலிருந்து வராத அழுகை வந்தது. மாமி எழுந்து போய்த் தேங்காயெண்ணெய்க் குப்பியை எடுத்து வந்தார். வலது கைக்குத் தடவிவிட்டு, இடது கையைப் பிரித்து, பெயர்மேல் தேய்க்காமல் ஒரு சொட்டு விட்டு விரல் நுனியால் ஒற்றினார்.