சல்யூட் அடிக்கும் பெண்

ஜெராக்ஸ் கடையில் தமிழ்செல்வி அட்டையை இரண்டு விரல்களால் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். முன்பக்கம் ஒரு பெண்ணின் படம். நீலச் சீருடை, தொப்பி, நெற்றியருகே உயர்த்திய கை. புகைப்படம் போலவும் இருந்தது, வரைந்தது போலவும் இருந்தது. கீழே ஓர் எண். மூலையில் சிவப்பு வட்ட முத்திரை. மற்றதெல்லாம் ஜப்பான் எழுத்து.

"இன்னாக்கா இது, ஐடி கார்டா?"

"ஆங், அந்த மாதிரிதான்" என்றாள் ஹுமேரா.

"உங்க வூட்டுக்காரர் மூஞ்சியக் காணோம். எவளோ சலாம் வெச்சிக்கினு கீறா."

"கம்பெனி படமா இருக்கும். நீ லேமினேஷன் போடு தமிழு."

அன்று கிருத்திகை, மலைக்கோயிலில் கூட்டம். கடை வாசலில், சந்தனம் பூசிய மொட்டைத் தலைகளோடு ஒரு தெலுங்குக் குடும்பம் ஆதார் நகலுக்காக நின்றிருந்தது. குழந்தை தன் தலையைத் தானே தடவிப் பார்த்துக்கொண்டிருந்தது. தமிழ்செல்வி அட்டையைப் பிளாஸ்டிக் உறைக்குள் நுழைத்து, கோணல் இல்லாமல் நகர்த்தி, இயந்திரத்தின் வாயில் வைத்தாள். அது மெதுவாக உள்ளே இழுத்துக்கொண்டது. மறுபக்கம் வெளியே வந்தபோது சீருடைப் பெண் பளபளத்தாள்.

ஹுமேரா அதைச் சூட்டோடு வாங்கிக் கைப்பைக்குள் வைத்தாள்.

அட்டை இருந்த தபால் உறை காலையில்தான் வந்தது. வழக்கமாக அந்த உறைகள் அரக்கோணம் சாலையில் இருக்கும் அவள் கணவன் கலீமின் வண்டிப் பட்டறைக்குப் போகும். இன்று அவன் உதிரி பாகம் வாங்கப் போயிருந்ததால் தபால்காரர் வீட்டில் கொடுத்துவிட்டுப் போனார். ஜப்பான் தபால்தலை. அனுப்பியவர் ராஜீவ். அவள் பிரித்தாள். இரண்டு தடித்த அட்டைகளுக்கு நடுவே இது மட்டும். கடிதம் இல்லை.

ராஜீவ் கே.ஜி.கண்டிகைக்காரன். கலீமோடு பள்ளியில் படித்தவன். போன வருடம் ஜப்பானில் ஒரு தொழிற்சாலை வேலைக்குப் போனான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் அழைப்பான், கலீம் மொட்டைமாடிக்குப் போய்ப் பேசுவான். துணி எடுக்கப் போனபோது ஒருமுறை கலீமின் குரல் அவள் காதில் விழுந்தது. இன்னும் ஒண்ணுதான்டா பாக்கி, அது வந்துட்டா முடிஞ்சிது. பழைய பில்களின் பின்புறம் கலீம் ஜப்பான் எழுத்துகளை எழுதிப் பழகியிருந்ததை அவள் சட்டைப் பையில் கண்டெடுத்திருந்தாள். ராஜீவின் அப்பா ராஜவேலுவின் மொபெட் அடிக்கடி பட்டறைக்கு வந்தது. கலீம் அதற்குக் கூலி வாங்குவதில்லை என்று அவள் அண்ணன் பாஷா சொல்லியிருந்தான். கூலி வாங்காமல் வேலை செய்கிறவன் வேறு ஏதோ எதிர்பார்க்கிறான் என்றும் சொன்னான்.

எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்றுதான் வந்தது. கலீம் போகப்போகிறான்.

அவள் கேட்கவில்லை. அவள் பிறந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. அவள் பிறக்கும் முன்பே அப்பா ரியாத்துக்குப் போய்விட்டார். விடுமுறைக்கு வந்து, மறுபடி போவார். போகும் நாள் நெருங்கும்போது அம்மா அவருடைய தாள்களையெல்லாம் எடுத்துக்கொண்டு போய் லேமினேட் செய்து வருவாள். அனுமதி அட்டை, ஒப்பந்த நகல், முகவரி எழுதிய சீட்டு, மாத்திரைச் சீட்டு கூட. போய் வா என்று அம்மா வாயால் சொல்லாத சம்மதம் அதுதான். அப்பா அவற்றைப் பார்ப்பார், பெட்டியில் வைப்பார், பேச்சு முடிந்துவிடும். மொத்தமாகத் திரும்பி வந்த வருடம் அப்பாவுக்கு முடி நரைத்திருந்தது. மாலையில் கூடத்துக்கு விளக்குப் போட எழுந்தால் முதலில் மின்விசிறி சுற்றும், பிறகு வாசல் விளக்கு எரியும். தன் வீட்டில் எந்த ஸ்விட்ச் எதற்கு என்று அவருக்குக் கடைசிவரை பழகவில்லை. அம்மா பார்த்துக்கொண்டே இருப்பாள். எழுந்து போய்க் காட்டமாட்டாள்.

வீட்டுக்கு வந்து ஹுமேரா சோறு வடித்தாள். கத்தரிக்காயைத் தாளித்தாள். மகள் மெஹ்னாஸ் பள்ளியிலிருந்து வர இன்னும் நேரம் இருந்தது. அதற்குள் இது முடிந்துவிட வேண்டும் என்று நினைத்தாள். தட்டை வைத்தாள். தட்டுக்கு அருகில், தண்ணீர் படாத இடமாகப் பார்த்து அட்டையை வைத்தாள்.

கலீம் வந்து பின்கட்டில் கைகழுவினான். பட்டறையில் பெட்ரோலால் துடைத்திருந்தாலும் வீட்டில் ஒருமுறை சோப்புத் தூள் போட்டுத் தேய்ப்பான். கையைத் துடைத்துக்கொண்டு வந்தவன் தட்டைப் பார்த்தான். உட்காரவில்லை.

"ராஜீவ் அனுப்பிச்சாரு. தபால்காரரு இங்க குடுத்துட்டாரு" என்றாள்.

அவன் குனிந்து அதை எடுத்தான். ஓரங்களை மட்டும் தொட்டுப் பிடித்தான். வெளிச்சத்தில் சாய்த்தான். பிளாஸ்டிக்கின் விளிம்பில் நகத்தை வைத்து ஒரு சுற்று ஓட்டினான். எங்கும் இடைவெளி இல்லை. தமிழ்செல்வி நன்றாகவே ஒட்டியிருந்தாள்.

"யாரு போட்டது?"

"நாந்தான் போட்டுகினு வந்தேன். கெட்டுப்போவாம இருக்கட்டும்னு."

 அட்டையை மறுபடி அதே இடத்தில் வைத்தான். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனான். வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது.

ஹுமேரா தட்டின் முன்னால் உட்கார்ந்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது என்பது அவனுக்குத் தெரிந்துவிட்டது. இனி அவன் வந்து தேதியைச் சொல்வான். அவள் சரி என்பாள். ஸ்கூல் வேனுக்குச் சொல்ல வேண்டும். பட்டறைக்கு யாரையாவது பார்க்க வேண்டும், அல்லது ஷட்டரை இறக்கிவிட வேண்டும். மெஹ்னாஸ் போனில் அப்பாவைப் பார்க்கப் பழகிக்கொள்வாள். குழந்தைகள் பழகிக்கொள்வார்கள். அவளே பழகியவள்தான். ஒவ்வொன்றையும் நிதானமாக யோசித்தாள். யோசிக்க முடிந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. சோற்றின் மேல் ஈ உட்கார்ந்தது. அதை விரட்டக் கை வரவில்லை.

வண்டி திரும்பி வந்தது.

கலீம் கையில் ஒரு பொட்டலம். வண்டி சீட்டுக்குத் தைக்கும் கறுப்பு ரெக்சினில் உறை தைத்து, பித்தளைப் பொத்தான் வைத்திருந்தான். தரையில் உட்கார்ந்து கையைச் சட்டையில் துடைத்தான். மறுபடி எழுந்துபோய்க் கழுவி, துண்டால் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டு வந்தான். உறைக்குள்ளிருந்து ஓர் ஆல்பம் வந்தது. திறந்து அவள் பக்கம் திருப்பி வைத்தான்.

பக்கத்துக்குப் பக்கம் பைகள். ஒவ்வொரு பைக்குள்ளும் ஒரு பெண். அதே நீலச் சீருடை. ஒருத்தி கொடி பிடித்திருந்தாள், ஒருத்தி குடை பிடித்திருந்தாள், ஒருத்தி பூனையைத் தூக்கி வைத்திருந்தாள். சிலருக்கு மூலை மடங்கியிருந்தது. ஒருத்தியின் நடுவே கோடாக மடிப்பு. கடைசிப் பை காலியாக இருந்தது.

"உங்கப்பா மாதிரி நான் எங்கியும் போவல ஹுமேரா."

அவள் காலிப் பையை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"இது வெளையாட்டுச் சீட்டு" என்றான்.

அப்புறம் தரையைப் பார்த்தபடி சொல்லிக்கொண்டே போனான். ஜப்பானில் ஒரு சின்ன ரயில் பாதை. சீட்டு விளையாட்டுக் கம்பெனி ஒன்று அந்த ரயில்காரர்களோடு சேர்ந்து ஸ்டேஷனுக்கு ஒருத்தியாகப் பெண் படம் போட்டு அட்டை அடித்தது. குறிப்பிட்ட ஒரு நாளில் அந்த ஸ்டேஷனில் டிக்கெட் எடுத்தவர்களுக்கு மட்டும் சும்மா கொடுத்தது. கடையில் விற்றதில்லை. நல்ல நிலையில் இருப்பவற்றின் விலை அவன் கைக்கு எட்டாது. மடங்கியதும் கிழிந்ததும் பழைய பொருள் கடைகளில் கலவைப் பெட்டிக்குள் கிடக்கும். ராஜீவ் விடுமுறை நாளில் போய்க் கிளறிப் பார்ப்பான். அகப்பட்டால் அனுப்புவான். பதிலுக்குக் கலீம் அவன் அப்பாவின் மொபெட்டைப் பார்த்துக்கொள்கிறான். கணக்கு அவ்வளவுதான்.

"அந்த எழுத்து?" என்று கேட்டாள்.

"எந்த ஸ்டேஷன்னு படிக்கணும் இல்ல."

"ஒண்ணுதான் பாக்கின்னு சொன்னீங்களே மாடியில."

"இவதான்."

 அழுகை வருகிறது என்று நினைத்து ஹுமேரா முந்தானையை எடுத்தாள். சிரிப்பாக வந்தது. நிறுத்த முடியவில்லை. சுவரில் சாய்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு, தோள்கள் குலுங்கச் சிரித்தாள். கண்ணிலும் நீர் வந்தது. கலீம் முதலில் பயந்துபோய்ப் பார்த்தான். பிறகு அவனும் கொஞ்சம் சிரித்தான், எதற்கென்று தெரியாதவன் போல.

"ஒரு வார்த்த சொல்றதுக்கு இன்னா?"

"இன்னான்னு சொல்றது? புள்ள இஸ்கூல் போவுது, அப்பன்காரன் பொம்மச் சீட்டு சேக்கறான்னா? உங்க அண்ணன் காதுக்குப் போச்சின்னா மசூதி வாசல்லயே நிக்கவெச்சி ஓட்டுவான்."

"ஓட்டட்டும்" என்றாள். "நல்லா ஓட்டட்டும்."

முகத்தைத் துடைத்துக்கொண்டு ஆல்பத்தின் பக்கம் குனிந்தாள். அப்போதுதான் பார்த்தாள். இவர்களில் எவள் மேலும் எதுவும் ஒட்டப்பட்டிருக்கவில்லை. எல்லோரும் பைக்குள் சும்மா நின்றார்கள். எந்த நிமிடமும் எடுக்கலாம், எடுத்துத் திரும்ப வைக்கலாம். தட்டின் அருகில் கிடந்தவளைப் பார்த்தாள்.

"இத்தப் பிரிக்க முடியாதா?"

"பிரிச்சா மேல் தாளு அதோட வந்துடும்."

"ராஜீவ் கிட்ட சொல்லி இன்னொண்ணு?"

"கெடைக்காது. இவ ஸ்டேஷன்ல அன்னிக்குப் பனி. டிக்கெட் எடுத்தவங்களே கம்மி."

"அப்ப கெட்டுப்போச்சா?"

"ஆங்" என்றான் கலீம். "கெட்டுப்போச்சி."

அவன் அதைப் பூசி மெழுகிச் சொல்லவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. அது அவளுக்கு ஒருவிதத்தில் நன்றாக இருந்தது. வீட்டில் ஒருவன் உண்மையான ஒன்றை எதிரே உட்கார்ந்து சொல்கிறான். அவன் முகம் வாடியிருந்தது. ஆனால் தோள்கள் இறங்கியிருந்தன. இத்தனை நாள் அவை தூக்கியபடி இருந்தன என்பதை இப்போதுதான் கவனித்தாள்.

அவன் ஏதோ யோசித்தான்.

"நான் போறேன்னு நெனச்சிக்கினுதான் லேமினேஷன் போட்டியா?"

"ஆங்."

"போவாதன்னு ஒரு வார்த்த சொல்ல மாட்டியா நீ?"

ஹுமேரா அட்டையின் ஓரத்தை விரலால் நீவினாள். அம்மாவின் பீரோவில் அப்பாவின் அட்டைகள் இன்னும் இருக்கின்றன. ஒன்றுகூட மங்கவில்லை.

"எப்பிடிச் சொல்றதுன்னு தெரியல" என்றாள். பிறகு, அவன் காத்திருப்பதைப் பார்த்து, "போவாத" என்றாள்.

அவளுடைய குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. அவனை அவள் நீ என்று சொன்னதே இல்லை.

"சரி" என்றான் கலீம்.

இருவரும் சாப்பிட்டார்கள். சோறு ஆறியிருந்தது. அவன் கத்தரிக்காயை இரண்டாவது முறை போட்டுக்கொண்டான். கைகழுவி வந்ததும் அட்டையை எடுத்துக் காலிப் பைக்குள் நுழைத்துப் பார்த்தான். பிளாஸ்டிக்கின் ஓரம் பெரிதாக இருந்தது. போகவில்லை. திருப்பி வைத்துப் பார்த்தான். கத்தரிக்கோல் இருக்கிறதா என்றான். அவள் தையல் டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

வாசல் வெளிச்சத்துக்குப் போய் உட்கார்ந்தான். என்ஜின் மூடிக்குக் கேஸ்கட் தாள் வெட்டுகிறபோது பிடிப்பதைப் போல அட்டையைப் பிடித்துக்கொண்டான். மூச்சை அடக்கி வெட்டத் தொடங்கினான். ஹுமேரா பக்கத்தில் உட்கார்ந்து உள்ளங்கையை நீட்டினாள். கத்தரிக்கோல் சீருடைப் பெண்ணின் உயர்த்திய முழங்கை அருகே வந்து, நின்று, உரசாமல் தாண்டியது. மெல்லிய பிளாஸ்டிக் நூல் ஒன்று சுருண்டு சுருண்டு நீண்டு, அறுந்துபோகாமல் அவள் கையில் இறங்கிக்கொண்டிருந்தது.