சின்ன ல, பெரிய ள

முத்துச்செல்வி என் வீட்டைப் பார்க்க வந்த அன்று கையில் ஒரு வெப்பமானி கொண்டுவந்திருந்தாள். வாடகையைப் பற்றியோ தண்ணீரைப் பற்றியோ கேட்கவில்லை. நடுக்கூடத்துச் சுவரில் அதைச் சாய்த்துவைத்து, ஒரு மணி நேரம் பொறுத்து எடுத்துப் பார்த்தாள். வெளியே சித்திரை வெயில் நாற்பத்தொரு பாகை; உள்ளே இருபத்தெட்டு.

"இந்தச் சொவரு போதும்மா எனக்கு," என்றாள்.

அதை 1891இல் கட்டியவர் என் பாட்டனாரின் தந்தை. கருங்கல்லை இரண்டரை அடிக் கனத்துக்கு அடுக்கிய சுவர். இருங்காட்டுக்கோட்டையில் தொழிற்பூங்கா வந்தபின் எங்கள் தெருவின் மற்ற வீடுகள் இடிக்கப்பட்டு, தொழிலாளர் தங்கும் அறைகளாக மூன்று மாடி உயர்ந்தன. கல்லைப் பெயர்க்க ஆள் கிடைக்காததால் என் வீடு தப்பியது என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். அது தவறு. நான் இடிக்க ஒப்பவில்லை, அதனால் தப்பியது.

முத்துச்செல்வி கோவில்பட்டிப் பக்கத்துப் பெண். பெங்களூரில், பீரைக் கடையிலேயே காய்ச்சி அங்கேயே பரிமாறும் நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்துவிட்டு, இங்கே கார் உதிரிபாக ஆலையில் தரம் பார்ப்பவளாக ஆறாண்டு இருந்தவள். அப்படியொரு கடையைத் தானும் வைக்க வேண்டும் என்பது அவள் ஆசை. பீர் என்ற சொல்லை என் வாசற்படிக்குள் அனுமதிக்க மாட்டேன் என்றேன். இரண்டு நாள் கழித்து, இஞ்சியையும் கருப்பட்டியையும் சூடேறாத இடத்தில் வைத்து நொதிக்கவிட்ட பானம் ஒன்றைக் குப்பியில் கொண்டுவந்தாள். மூக்கில் ஏறியது, மயக்கவில்லை. சம்மதித்தேன். அவள் ஆலை வேலையை விட்டாள்.

நான் அவ்வளவு கண்டிப்பாக இருந்ததற்குக் காரணம் உண்டு. எட்டாண்டுகளுக்கு முன் பேருந்து நிறுத்தத்தருகே இருந்த மதுக்கடையை அகற்றக் கோரி இந்த ஊர்ப் பெண்கள் நாற்பத்தாறு பேர் அறுபது நாள் தெருவில் உட்கார்ந்தோம். மனுக்களை எழுதியவள் நான். இடம் பெயராமல் உட்கார்ந்தவள் கிளியம்மாள். கணவரைக் குடிக்குப் பறிகொடுத்தவள். கடை போயிற்று. அந்த வெற்றியே இந்த ஊரில் என் மரியாதை.

பழுதுபார்ப்பு நான்கு மாதம் நடந்தது. சுவரில் யாரோ ஒரு காலத்தில் பூசியிருந்த பச்சை வண்ணத்தை முத்துச்செல்வியும் அவள் கணவன் இசக்கிபாண்டியும் அவனுடைய விடுமுறை நாள்களில் கம்பித் தூரிகையால் தேய்த்தே அகற்றினார்கள். உளி பட்ட தழும்புகளோடு கல் வெளிப்பட்டபோது, அந்த வீட்டில் பிறந்த நானே அதை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன். கல்வீடு என்பதையே கடைக்குப் பெயராக வைத்தோம்.

திறப்பு விழா வெள்ளிக்கிழமை, முதல் ஷிப்ட் விடும் மூன்று மணிக்கு. காலையில் முகப்பில் பதாகை கட்டினார்கள். பதினோரு மணிக்கு நான் போனபோது வாயிலை அடைத்துக்கொண்டு பதினொரு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் கிளியம்மாள். அவள் சுட்டிய திசையில் அண்ணாந்து பார்த்தேன். எட்டடி நீளத்தில், 'கள்வீடு'.

"இன்னாக்கா இது? ஊர்க் கடைய மூட வெச்சிட்டு உன் வூட்டுல கள்ளு ஊத்தப் போறியா?"

ஞாயிற்றுக்கிழமை கிராமசபை. அவள் அங்கே எழுந்து ஒரு வார்த்தை சொன்னால் கடைக்கு ஊராட்சி தரும் உரிமம் நின்றுவிடும். முத்துச்செல்விக்குத் திரும்பிப் போக வேலையும் இல்லை.

நடந்ததை இசக்கிபாண்டி தடுமாறித் தடுமாறிச் சொன்னான். தண்டலத்தில் பதாகை அச்சிடுபவர் தொலைபேசியில், சின்ன லவா பெரிய ளவா என்று கேட்டிருக்கிறார். இவன் எழுத்தின் அளவைக் கேட்கிறார் என்று எண்ணிக்கொண்டான். "பெருசாவே போடுங்கண்ணே, பஸ்ஸுல போறவனுக்குத் தெரியணும்லான்னு சொல்லிட்டேன்," என்றான்.

யாரும் சிரிக்கவில்லை.

"வெளியூரு ஆளுங்கதானே, அதான்," என்றாள் கிளியம்மாள். "எய்த்தும் தெரியாது, இந்த ஊரும் தெரியாது."

முத்துச்செல்வியின் கையில் கைபேசி இருந்தது. அவள் அதைத் திறக்கவில்லை; என்னையும் பார்க்கவில்லை. திறந்திருந்தால் எல்லாருக்கும் தெரிந்திருக்கும். செவ்வாய்க்கிழமை அந்தப் பதாகையின் மாதிரிப் படத்தை அவள் எனக்கு அனுப்பியிருந்தாள், எழுத்தைச் சரிபார்த்துச் சொல்லும்படி. எழுத்துக்குப் பின்னணியாக வீடு அத்தனை கம்பீரமாக நின்றது. நான் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். 'மிக அழகு' என்று பதில் எழுதினேன்.

அவள் எனக்காக வாயை மூடிக்கொண்டு நின்றாள்.

"தப்பு அவங்க மேல இல்லை, கிளியம்மா," என்றேன். "அச்சடிக்கும் முன்னாடி எனக்கு அனுப்பினாங்க. சரின்னு சொன்னவ நான்."

கிளியம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீயா? மனுவுல ஒரு புள்ளி வுட்டாக்கூட மறுக்கா மொதல்லேந்து எய்துவியே, நீயா?"

"நான்தான்."

பின்வரிசையில் ஒருத்தி சிரிப்பை அடக்க முந்தானையால் வாயைப் பொத்தினாள். சிரிப்பு பரவியது. நான் தடுக்கவில்லை. ஆனால் கிளியம்மாள் சிரிக்கவில்லை. எழுந்து நேரே உள்ளே நடந்தாள்.

நடுக்கூடத்தில் ஆறு பீங்கான் ஜாடிகள் சுவரோரம் நின்றன. முத்துச்செல்வி தன் அளவுக் குறிப்பேட்டை நீட்டி, ஒவ்வொரு ஜாடியிலும் சாராயச் சத்து அரை விழுக்காடுகூட இல்லை என்று விளக்கத் தொடங்கினாள்.

"நெம்பர் வோணாம். தொற," என்றாள் கிளியம்மாள். "முப்பது வருசம் கதவு தொறக்கும்போதே அந்த வாசனைய மோந்தவ நான். எனக்குத் தெரியாதா?"

ஒவ்வொரு மூடியாகத் திறக்கப்பட்டது. அவள் குனிந்து, கண்ணை மூடி, மூச்சை இழுத்தாள். நான்காவது ஜாடியில் வெகுநேரம் நின்றாள். முத்துச்செல்வியின் கை குறிப்பேட்டின் ஓரத்தை மடித்து மடித்து நசுக்கிக்கொண்டிருந்தது. ஆறாவதும் முடிந்தபின் கிளியம்மாள் சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"இது அது இல்ல," என்றாள். வாயில் பக்கம் திரும்பித் தலையசைத்தாள். வாயிலில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள்.

இசக்கிபாண்டி ஏணி போட்டுப் பதாகையை அறுத்து இறக்கினான். பெயர் இல்லாத முகப்பில் கல் மட்டும் தெரிந்தது. என் வாழ்நாளில் அந்த வீட்டை அவ்வளவு நிமிர்வாகப் பார்த்ததில்லை. மூன்று மணிவரை காத்திருக்க வேண்டாம், இப்போதே திறந்துவிடு என்றேன் முத்துச்செல்வியிடம்.

முதல் குவளையை அவள் எனக்கென்று ஊற்றி நீட்டினாள். எனக்கு முன்னால் வரிசையில் பதினொரு பேர் நின்றார்கள். அவர்களுக்குக் கொடு என்று சொல்லிவிட்டு, கடைசியில் போய் நின்றேன்.