நாற்பதாம் நாள் காபி

காபி மாஸ்டர் ராஜாங்கம் ஓட்டல் காலண்டரில் நாற்பதாவது கட்டத்தை அடித்துவிட்டுப் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டபோது, எதிரே இருந்த மாதா கோயிலில் பூசை முடிந்து மணி அடித்தது. ஃபில்டரின் மூடியைத் தூக்கிப் பார்த்தார். டிகாஷன் கருகருவென்று இறங்கியிருந்தது. மூடிவிட்டு, மறுபடியும் தூக்கிப் பார்த்தார். மகளைப் பெண் பார்க்க வந்த அன்றுகூட அவர் இப்படித் தவித்ததில்லை.

எல்லாம் அந்தோணிமேரி சொன்ன ஒரு வார்த்தையால் வந்தது. கதிர்காமம் ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவர். தினமும் விடியற்காலைப் பூசை பார்த்துவிட்டு, புருஷோத்தமனின் இந்த ஓட்டலில் ஒரு காபி குடித்துவிட்டுத்தான் பஸ் ஏறுவார். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் நாற்பது நாள் மட்டும் காபியைத் தொடமாட்டார். இந்த வருஷம் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தின நாள், பாதி டம்ளரை அப்படியே மேஜையில் வைத்துவிட்டு எழுந்தார்.

"மாஸ்டர், தப்பா எடுத்துக்காதீங்க. இந்தக் காபிய உடறதுல எனக்கு என்னா தவம் இருக்குது? ஆண்டவரே சிரிப்பாரு."

கடையே சிரித்தது. ராஜாங்கமும் சேர்ந்து சிரித்தார். ஆனால் மதியம் அரியாங்குப்பம் பாலத்தில் சைக்கிள் மிதித்தபோது அந்த வார்த்தை பின்சீட்டில் உட்கார்ந்து கூடவே வந்தது. மறுநாள் காலை, தான் போட்ட காபியைத் தானே ஒரு டம்ளர் ஊற்றிக் குடித்துப் பார்த்தார். மேட்டுப்பாளையம் கம்பெனி கேன்டீனில் அண்டா அண்டாவாகக் கலக்கிக் கொடுத்துவிட்டு, போன ஆடி மாதம்தான் இங்கே வேலைக்கு வந்தவர். இத்தனை நாளில் தன் காபியை அவர் ருசி பார்த்ததே இல்லை. பாதிக்குப் பாதி சிக்கரி. விடியலில் இறக்கிய டிகாஷனில் வெந்நீர் விட்டு விட்டுப் பதினொரு மணி வரை ஓட்டுவது. பால் கொதித்துக் கொதித்து ஏடு கட்டிப்போயிருந்தது. அந்தம்மா கொஞ்சமாகத்தான் சொல்லியிருக்கிறார் என்று தோன்றியது.

முதலாளியோடு ஒரு வாரம் மல்லுக்கட்டினார். கடைசியில் புருஷோத்தமன் இறங்கி வந்தார். "நாப்பது முடியற வரைக்கும் நல்ல தூளு வாங்கித் தரேன்யா. அந்தம்மா வந்து குடிச்சிட்டு அவங்க வாயால நல்லாருக்குன்னு சொல்லட்டும். இல்லன்னா பழைய தூளுதான், பேசக் கூடாது." அன்றிலிருந்து மணிக்கொரு தடவை புது டிகாஷன், அவ்வப்போது காய்ச்சிய பால். மற்றவர்கள் இரண்டாவது டம்ளர் கேட்கத் தொடங்கியிருந்தார்கள். ஆனால் தீர்ப்பு அந்தோணிமேரியுடையது. ராஜாங்கம் சாம்பல் புதனிலிருந்து எண்ணிக் காலண்டரில் நாளை அடித்துக்கொண்டே வந்தார்.

கோயிலிலிருந்து கூட்டம் வெளியே வந்தது. எல்லோர் கையிலும் குருத்தோலை. ஈஸ்டர் பண்டிகைதான், சந்தேகமே இல்லை என்று நினைத்துக்கொண்டார். வாசலுக்கே போய் அந்தோணிமேரியைக் கூப்பிட்டு உட்காரவைத்து, நுரை ததும்பும் டம்ளரை டபராவோடு கொண்டுவந்து வைத்தார்.

"என்னா மாஸ்டர் இது?"

"நாப்பது முடிஞ்சிடுச்சே சிஸ்டர்."

காலண்டரைக் காட்டினார். அந்தோணிமேரி கட்டங்களை விரலால் எண்ணிப் பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். பிறகு பொறுமையாக எடுத்துச் சொன்னார். இன்றைக்குக் குருத்தோலை ஞாயிறு. ஈஸ்டர் அடுத்த ஞாயிறுதான். ஞாயிறு ஆண்டவர் உயிர்த்த நாள் என்பதால் அதைத் தவக்காலக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆறு ஞாயிறையும் தள்ளிவிட்டு எண்ணினால்தான் நாற்பது வரும்.

ராஜாங்கத்தின் முகம் சுண்டிப்போயிற்று.

"நல்லா எண்ணுன போ," என்றார் கல்லாவிலிருந்த புருஷோத்தமன். "ஆறிப்போறதுக்குள்ள வேற யாருக்காவது குடு."

"சாமி விஷயம் சிஸ்டர், தெரியாம செஞ்சிட்டேன். அடுத்த வாரம் இதேமாரி போட்டுத் தரேன்," என்று ராஜாங்கம் டபராவை எடுக்கப் போனார். அந்தோணிமேரியின் கை டபராவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டது. அவர் காபியைப் பார்க்கவில்லை. காலண்டரில் வரிசையாக அடித்திருந்த அந்தப் பென்சில் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஞாயித்துக்கெழம கணக்குல வராதுன்னு நான்தான சொன்னேன்? பதினெட்டு வருஷமா ஞாயித்துக்கெழமையும் தொட்டதில்ல மாஸ்டர். யாரும் கேக்கல, அது என் பெரும. இன்னிக்கி ஒரு நாளு போவட்டும்."

நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு டம்ளரை எடுத்தார். ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடினார். ராஜாங்கம் கையிலிருந்த துணியை முறுக்கிக்கொண்டே நின்றார். அந்தோணிமேரி நிதானமாக, அடியில் தங்கிய சர்க்கரை வரைக்கும் குடித்து முடித்துவிட்டுக் காலி டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினார்.

"இன்னும் ஆறு நாளு இத குடிக்காம எப்பிடி மாஸ்டர் இருப்பேன்? இப்பதான் எனக்குத் தவமே ஆரம்பிக்குது."

புருஷோத்தமன் கல்லாவில் உட்கார்ந்தபடியே ஒரு விரலைத் தூக்கித் தனக்கும் ஒன்று என்று காட்டினார்.

பஸ்ஸுக்குக் கிளம்பும்முன் அந்தோணிமேரி தன் குருத்தோலையில் ஒரு கீற்றைக் கிழித்து, மடித்துச் சின்னதாகச் சிலுவை செய்து காலண்டர் ஆணியில் செருகிவிட்டுப் போனார். ஃபில்டரிலிருந்து எழுந்த ஆவி பட்டு அது மெல்ல ஆடிக்கொண்டிருந்தது, இன்னும் அடிக்காத ஆறு கட்டங்களுக்கு மேலே.