ஹாஜ்ரா முனையில் நிற்காத வண்டி

வீட்டுக்கு யார் வந்தாலும் சொல்வதற்கு வெங்கடசுப்ரமணியனிடம் ஒரு கதை இருந்தது. எண்பத்தொன்பதாம் வருஷம், ஜூலை மாதம், மழை விட்ட ஒரு காலை. மனைவி பாகீரதியைப் பின்னால் உட்காரவைத்து ஜாவா மோட்டார்சைக்கிளில் போய்க்கொண்டிருக்கிறார். ஹாஜ்ரா முனையில் முன்னால் போன மினிபஸ் திடீரென்று நிற்கிறது.

"நான் பிரேக்கைப் பிடிச்சாச்சு. வண்டி நிக்கப்போறது. இவ பயந்துண்டு ஒரு பக்கமா சாஞ்சா பாருங்கோ, பாலன்ஸ் போச்சு. சக்கரம் டிராம் தண்டவாளத்துல வழுக்கி நேரா பஸ்ஸுல போய் மோதித்து. அசையாம உக்காந்திருந்தாள்னா அன்னிக்கு ஒண்ணுமே ஆயிருக்காது."

கடைசி வரியில் அவர் சிரிப்பார். வந்தவர்களும் சிரிப்பார்கள். பாகீரதி வலது காலை இழுத்து இழுத்து நடந்துவந்து காப்பித் தம்ளர்களை வைப்பாள். அவளும் சிரிப்பாள்.

அன்றைக்கு அவர்கள் போய்க்கொண்டிருந்தது பாகீரதியின் சான்றிதழ் நகல்களில் ஒரு அதிகாரியிடம் கையெழுத்து வாங்க. வங்கி குமாஸ்தா வேலைக்கு எழுத்துத் தேர்வில் பாஸ் செய்திருந்தாள். அடுத்த வாரம் நேர்முகம். விபத்துக்கப்புறம் அவள் நாலு மாசம் படுக்கையில் கிடந்தாள். தொடை எலும்பு ஒட்டியபோது கால் ஒன்றரை அங்குலம் குட்டையாகிவிட்டது. வேலைப் பேச்சு அதற்கப்புறம் அந்த வீட்டில் எழவில்லை. கதையிலும் அந்த நேர்முகம் வராது.

போலீஸ் ஸ்டேஷனிலிருந்து கைவண்டியில் ஏற்றிக்கொண்டுவந்த ஜாவாவை, பவானிபூரில் அவர்கள் குடியிருந்த வாடகை வீட்டின் மாடிப்படிக்கு அடியில் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். முப்பத்துநாலு வருஷம் அது அங்கேயே நின்றது. எத்தனையோ பேர் விலைக்குக் கேட்டார்கள். வெங்கடசுப்ரமணியன் கொடுக்கவில்லை. வண்டிமேல் அவருக்கு அவ்வளவு பிரியம் என்று எல்லோரும் சொன்னார்கள்.

வீட்டுச் சொந்தக்காரர், கட்டடத்தை இடித்து அடுக்குமாடி கட்டப்போவதாகச் சொல்லி ஒரு வருஷம் அவகாசம் கொடுத்தபோதுதான் அந்த வண்டியைப் பற்றிப் பேச்சு வந்தது. அவர்களுடைய ஒரே பெண் வித்யாலக்ஷ்மி மெட்ரோ ரயிலில் சிக்னல் பிரிவில் எஞ்சினியர். முப்பத்தொன்பது வயது. அப்பா அம்மாவோடுதான் இருந்தாள்.

"பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுடலாம்" என்றார் அப்பா.

"நான் எடுத்துக்கறேன். சரி பண்ணி ஓட்டறேன்."

"உனக்கு எதுக்கு அந்தச் சனியன்?"

"நன்னாத்தானே இருக்கு. முதல்ல பிரேக்கை மாத்தணும். முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் போடறதா இருக்கேன்."

அவர் பேப்பரை மடித்துக் கீழே வைத்தார். "அந்த வண்டி பிரேக்குல ஒரு குறையும் கிடையாது. எஞ்சினை வேணும்னா பாரு. பிரேக்கைத் தொடாதே. ஒரிஜினலைக் கெடுத்தா அப்புறம் அது ஜாவாவே இல்லை."

அப்பா பழசை நேசிக்கிறவர் பேசுவதுபோல் பேசுகிறார் என்றுதான் வித்யா அன்றைக்கு நினைத்தாள்.

காளிகாட்டில் ஒரு சந்துக்குள் பிஷு தாவின் பட்டறை இருந்தது. அறுபது வயது வங்காளி. பழைய வண்டி என்றால் மட்டும் தொடுவார். வித்யாவை அக்கா என்ற அர்த்தத்தில் 'திதி' என்றுதான் கூப்பிடுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் வித்யா அங்கே போய் அவரோடு உட்கார்ந்து வேலை செய்தாள். முதல் மாதம் எஞ்சினைப் பிரித்துச் சுத்தம் செய்தார்கள். இரண்டாவது மாதம் முன்சக்கரத்தைக் கழற்றினார்கள். அச்சு துருப்பிடித்து இறுகியிருந்தது. எண்ணெய் விட்டு, தட்டி, ஒரு மணி நேரம் போராடித்தான் வெளியே வந்தது. பிரேக் டிரம்மைத் திறந்ததும் பிஷு தா அதை அவள் பக்கம் திருப்பினார்.

டிரம்மை உள்ளிருந்து அழுத்தி நிறுத்தும் பிரேக் ஷூ இரண்டிலும், மேலே பதித்திருக்க வேண்டிய லைனிங் என்று ஒன்று இல்லை. அதைப் பிணைக்கும் ரிவெட் தலைகள் வெளியே தெரிந்தன. அவை உராய்ந்து உராய்ந்து டிரம்மின் உள்சுவரில் விரல் நகம் இறங்கும் ஆழத்துக்குப் பள்ளம் போட்டிருந்தன.

"விபத்துக்கு அப்புறம் யாராவது ஓட்டினாங்களா?" என்று பிஷு தா கேட்டார்.

"இல்லை. அன்னிக்கு நின்னதுதான்."

"அப்படின்னா அன்னிக்கே இது இப்படித்தான் இருந்திருக்கு." அவர் பள்ளத்தின்மேல் விரலை ஓட்டினார். "ஒரு நாள் ரெண்டு நாள்ல இப்படி ஆகாது, திதி. மாசக்கணக்குல இரும்பும் இரும்பும் தேய்ஞ்சிருக்கு. ஒவ்வொரு தடவை பிடிக்கும்போதும் வண்டி கத்தியிருக்கும். ஓட்டினவருக்குக் கேட்காம இருந்திருக்காது."

வித்யா ஷூக்களைப் பழைய துணியில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டாள். வீட்டுக்கு வந்து அலமாரியில் புடவைகளுக்குப் பின்னால் வைத்தாள். யாரிடமும் சொல்லவில்லை. அப்பாவுக்கு எழுபத்தாறு வயது. இப்போது கேட்டு என்ன ஆகப்போகிறது என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். ஆனால் வேறொன்று அவளுக்குப் புரிந்துவிட்டது. வண்டியை விற்றிருந்தால், வாங்கியவன் முதல் வேலையாக அந்த டிரம்மைத் திறந்திருப்பான்.

அதற்கப்புறம் மூன்று மாதம் அவள் சனிக்கிழமைகளில் மல்லிக் பஜாரில் அலைந்தாள். பழைய உதிரிபாகங்கள் மலைபோல் குவிந்த கடைகளில், புது மாடல் வண்டி ஒன்றின் முன்சக்கர ஹப்பும் டிஸ்க்கும் கிடைத்தன. டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் காலிப்பர் கிடைக்க நாலு வாரம் ஆனது. முதலில் வந்ததில் பிஸ்டன் இறுகிப்போயிருந்ததால் திருப்பிக் கொடுத்தாள். காலிப்பரை ஃபோர்க்கில் பொருத்துவதற்கான பட்டையை எந்தக் கடையிலும் விற்கமாட்டார்கள். அட்டையில் வெட்டி அளவெடுத்து ஹவுராவில் ஒரு லேத் பட்டறையில் செய்யக் கொடுத்தாள். முதல் பட்டை இரண்டு மில்லிமீட்டர் தள்ளி உட்கார்ந்து டிஸ்க்கில் உரசியது. இரண்டாவது சரியாக இருந்தது. கைப்பிடியில் வைத்த, பிரேக் எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் பெரிதாக இருந்ததால் பிரேக் கட்டை மாதிரி இறுகி நின்றது, பிடித்தும் பயனில்லை. சின்ன துளை உள்ளதைத் தேடி மறுபடி மல்லிக் பஜார்.

எல்லாம் பொருந்திய அன்று காலை, அலிப்பூரில் மரங்கள் அடர்ந்த காலியான சாலை ஒன்றில் நாற்பதில் போய், இரண்டு விரலால் பிரேக்கைப் பிடித்தாள். வண்டி முன்னால் அமிழ்ந்து, நேராக, சத்தமில்லாமல் நின்றது. பிஷு தா ஓரத்தில் நின்று கை தட்டினார். வித்யாவுக்குச் சந்தோஷம் வரவில்லை. அன்றைக்கு டிஸ்க்கெல்லாம் வேண்டியிருக்கவில்லை. ஒரு ஜோடி ஷூ மாற்றியிருந்தால் போதும். அரை நாள் வேலை. அதைத்தான் நினைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓட்டிவந்தாள்.

வாசலில் அம்மா நின்றுகொண்டிருந்தாள்.

"ஒரு தடவை உக்காரும்மா. முனை வரைக்கும் போய்ட்டு வரலாம்."

பாகீரதி புது டிஸ்க்கைக் குனிந்து பார்த்தாள். "வேண்டாம்டி. நான் உக்காந்தா அசைவேன்" என்றாள். சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அப்பாவோடு ஒரே கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பார்த்தசாரதி மனைவியோடு வந்தார். வாசலில் பளபளவென்று நின்ற வண்டியைப் பார்த்துவிட்டு அதைப் பற்றியே பேசினார். அப்பாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஜூலை மாதம், மழை விட்ட காலை, மினிபஸ் என்று ஆரம்பித்தார். அம்மா சமையலறையிலிருந்து காப்பித் தட்டோடு வந்துகொண்டிருந்தாள்.

"அசையாம உக்காந்திருந்தாள்னா" என்று அப்பா சொன்னபோது வித்யா எழுந்து உள்ளே போனாள். துணி மூட்டையைக் கொண்டுவந்து டீப்பாயின்மேல் அவிழ்த்தாள். துருவும் கறுப்புப் பொடியும் மேஜை விரிப்பில் கொட்டின.

"இது என்னம்மா?" என்றார் பார்த்தசாரதி.

"அன்னிக்கு வண்டியில இருந்த பிரேக், மாமா. லைனிங்கே இல்லை. ரிவெட் தேய்ஞ்சிருக்கு பாருங்கோ. அம்மா மலை மாதிரி உக்காந்திருந்தாலும் இது நின்னிருக்காது." அப்பாவைப் பார்த்துக் கேட்டாள்: "மாசக்கணக்குல கத்தியிருக்கும்னு மெக்கானிக் சொல்றார். உங்களுக்குக் கேக்கலையாப்பா?"

வெங்கடசுப்ரமணியன் அந்த இரும்பைத் தொடவில்லை. முகம் வெளுத்து, பிறகு சிவந்தது. "முப்பது வருஷம் துருப்பிடிச்சுக் கிடந்தா எல்லாம் அப்படித்தான் இருக்கும்" என்றார்.

"துரு பள்ளம் போடாதுப்பா. டிரம்மும் பட்டறையில இருக்கு. வந்து பாக்கறேளா?"

"போதும் வித்யா" என்றாள் அம்மா. தட்டை வைத்தாள். "எடுத்து உள்ள வை."

பார்த்தசாரதி தம்பதிகள் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு, கோயிலுக்குப் போக வேண்டும் என்று கிளம்பினார்கள். அப்பா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வித்யா சமையலறைக்குப் போனாள். அம்மா தம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"உனக்குக் கோபமே வரலையாம்மா? இத்தனை வருஷமா பழியை உன் தலையில போட்டுண்டிருக்கார்."

"எனக்குத் தெரியும்டி."

"என்ன தெரியும்?"

"பிரேக் போயிடுத்துன்னு தெரியும். விழறதுக்கு முந்தின மாசம் மெக்கானிக் வாசல்ல நின்னு சொன்னான். நான் ஜன்னல்கிட்ட இருந்தேன். அடுத்த மாசம் பாக்கலாம்னு இவர் சொன்னார். தெரிஞ்சுதான் ஏறி உக்காந்தேன்."

அம்மா குழாயை மூடினாள்.

"ஆஸ்பத்திரியில போலீஸ்காரர் வந்து என்ன ஆச்சுன்னு கேட்டார். இவர் பக்கத்துல நின்னுண்டு நடுங்கறார். கேஸ் போட்டா வேலைக்கு ஆபத்து. உனக்கு அஞ்சு வயசு. நான்தான் சொன்னேன், நான் பயந்துண்டு அசைஞ்சேன், அதனால விழுந்துட்டோம்னு. அந்த வார்த்தை என்னோடது. அவர் கண்டுபிடிச்சது இல்லை. எடுத்து வெச்சுண்டுட்டார், அவ்வளவுதான்."

"அவர் திருப்பித் திருப்பிச் சொல்றபோது நீ ஏன் தடுக்கலை?"

"முதல்ல இவர் அதைச் சொன்னது டாக்டர்கிட்ட. சரி, ஊருக்குச் சொல்றார்னு இருந்தேன். ஆத்துல, நாங்க ரெண்டு பேரும் மட்டும் இருக்கறபோது, ஒரு தடவை சொல்லுவார்னு நெனச்சேன். 'நீ அசையலைடி'ன்னு. அதுக்கு மேல எனக்கு எதுவும் வேண்டியிருக்கலை. நாலு மாசம் பெட்பான் வெச்சார், மூஞ்சி சுளிக்காம. அதெல்லாம் பண்ணினார். இதை மட்டும் சொல்லலை. இன்னிக்கு சொல்லுவார், நாளைக்கு சொல்லுவார்னு காத்துண்டே இருந்தேன்."

"இப்போவாவது தெரிஞ்சுடுத்தே எல்லாருக்கும்."

பாகீரதி திரும்பி மகளைப் பார்த்தாள். அந்தப் பார்வையை வித்யா அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

"உன்னை யாரு கேட்டா? அது அவர் எனக்குச் சொல்ல வேண்டியது. நீ மூணாம் மனுஷா முன்னாடி மேஜையில கொட்டிட்டே. இனிமே அவர் சொன்னாலும் நீ சொல்ல வெச்சதாத்தான் இருக்கும். நான் எதுக்குக் காத்துண்டு இருந்தேனோ அது இனிமே கிடையாது."

"நான் உனக்காகத்தானேம்மா."

"தெரியும். போய் விரிப்பைத் துவைக்கப் போடு. கறை பிடிச்சுக்கும்."

வெங்கடசுப்ரமணியன் மகளோடு பேசப் பதினெட்டு நாள் ஆயிற்று. பத்தொன்பதாம் நாள், செருப்பை மாட்டிக்கொண்டே, "பார்த்தசாரதி முன்னாடி என்னை அவமானப்படுத்திட்டே" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. பாகீரதியிடம் ஏதாவது சொன்னாரா என்று வித்யாவுக்குத் தெரியாது. கேட்கும் தைரியம் அவளுக்கு வரவில்லை. இரண்டு பேரும் முன்போலவே ஒன்றாகக் காப்பி குடித்தார்கள், ஒன்றாக டி.வி. பார்த்தார்கள். அந்தக் கதையை மட்டும் அவர் மறுபடி சொல்லவில்லை.

மார்ச் மாதம் பெஹாலாவில் ஒரு ஃபிளாட்டுக்குக் குடிபோனார்கள். வித்யா தினமும் ஜாவாவிலேயே வேலைக்குப் போய்வந்தாள். வழியில் சிக்னல்களில் வண்டியைப் பார்த்து ஆட்கள் விசாரிப்பார்கள். பின் சீட்டில் யாரும் உட்கார்ந்ததில்லை.

குடிபோன இரண்டாவது வாரம் பக்கத்து ஃபிளாட் தத்தா வீட்டம்மா இனிப்போடு பார்க்க வந்தாள். பாகீரதி நடந்துவருவதைப் பார்த்துவிட்டு, "மாஷிமாவுக்குக் கால்ல என்ன?" என்று வங்காளியில் கேட்டாள்.

வித்யா கையிலிருந்த தட்டோடு அப்படியே நின்றாள். அப்பா ஒரு கணம் தரையைப் பார்த்தார்.

"வாதம்" என்றார். "ரொம்ப வருஷமா இருக்கு."

"எங்க மாமியாருக்கும் அதேதான்" என்றாள் தத்தா வீட்டம்மா.

பாகீரதி நாற்காலியில் உட்கார்ந்து புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். "ஆமாம்" என்றாள். "அமாவாசை, பௌர்ணமி வந்தா ரொம்பப் படுத்தறது."

எந்த எண்ணெய் தடவினால் வலி குறையும் என்று தத்தா வீட்டம்மா விவரமாகச் சொல்ல ஆரம்பித்தாள். அப்பா தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். அம்மாவும் கேட்டுக்கொண்டிருந்தாள்.