மங்கம்மா கைப் பிளாஸ்திரி

காசிமேட்டில் மீன் வாங்க வருகிறவர்களில் பாதிப் பேர் மங்கம்மாவை 'ராமதாஸ் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் அவள் வலது கையில் பச்சை எழுத்தில் அந்தப் பெயர் இருந்தது. கல்யாணமான புதிதில் ஆசையாகக் குத்திக்கொண்டது. மீனைத் தராசில் வைக்கும்போதெல்லாம் வாங்குகிறவர் கண்ணுக்கு நேராக வந்து நிற்கும். புதிதாக அபார்ட்மெண்டிலிருந்து வருகிறவர்கள் கடையின் பெயரே அதுதான் என்று நினைத்து போனில் பதிந்துகொண்டார்கள்.

ராமதாஸ் அவள் புருஷன். விசைப்படகு டிரைவர். பல வருஷத்துக்கு முன்னாலேயே எர்ணாவூரில் இன்னொருத்தியோடு குடித்தனம் போய்விட்டார். போகிற அன்றைக்கு டிவி, மிக்சி, கேஸ் சிலிண்டர், துணி காயப்போடும் நைலான் கயிறு வரைக்கும் அவிழ்த்து ஆட்டோவில் ஏற்றினார். எடுத்துப் போக மறந்தது இந்தப் பெயர் ஒன்றைத்தான்.

ஒரு புதன்கிழமை காலையில் யாரோ ஒரு அம்மா போன் செய்து, "மிஸ்டர் ராமதாஸ் இருக்காருங்களா? ரெண்டு கிலோ எறா வேணும்" என்று கேட்டாள்.

"அவரு பூட்டாரும்மா" என்று சொல்லி போனை வைத்தாள் மங்கம்மா. கடையைப் பக்கத்துக் கடைக்காரியிடம் ஒப்படைத்துவிட்டு, மகள் பவானியை இழுத்துக்கொண்டு ராயபுரத்தில் ஜெரினாவின் டாட்டூ கடைக்குப் போனாள்.

ஜெரினா அந்தக் கையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அழிக்க முடியாது ஆன்ட்டி. மேல வேற டிசைன் போட்டு மறைச்சிடலாம். ரோஜா போடவா? மயில் இறகு?"

"ரோஜா விக்கிறவ கையில ரோஜா போடு. என்க்கு வஞ்சரம் போடு. நீட்டா, கொழுத்த வஞ்சரமா போடு."

சாயந்திரம் வரைக்கும் குத்தினாள். முடிந்ததும் கை முழுக்க ஒரு மெல்லிய கண்ணாடிப் பிளாஸ்திரியை ஒட்டினாள். ஒட்டியது தெரியாத அளவுக்குத் தோலோடு தோலாக உட்கார்ந்துகொண்டது.

"இது தண்ணி புகாது. திங்கக்கெழம வரைக்கும் தொறக்கக் கூடாது. உள்ள கறுப்பா தண்ணி கட்டும், பயப்படாதீங்க, அப்பிடித்தான் ஆகும். ஓரம் தூக்கிச்சுன்னா மட்டும் உடனே வாங்க. மீன் தண்ணி உள்ள போச்சுன்னா கை புண்ணாயிடும். சொறியாதீங்க. மஞ்சள் வெக்காதீங்க. எண்ணெய் வெக்காதீங்க. யார் இன்னா சொன்னாலும் கேக்காதீங்க."

கடைசியாகச் சொன்னதுதான் கஷ்டமான காரியம். காசிமேட்டில் டாக்டருக்குப் படிக்காதவர் யாருமே கிடையாது.

"இன்னாமே, கைக்கு செல்போன் மாரி ஸ்கிரீன் கார்டு ஒட்டிகினு கீறே?" என்று ஆரம்பித்தார் ஏலக்காரர். ஐஸ் வண்டிக்காரர் அதைக் கழற்றிவிட்டுக் கடல் தண்ணியில் முக்கச் சொன்னார். டீக்கடைக்காரர் டீத்தூள் வைக்கச் சொன்னார். எல்லோருக்கும் அக்கறை கையின் மேல் இல்லை, பிளாஸ்திரிக்குக் கீழே இருப்பதன் மேல்தான். ஆனால் உள்ளே மையும் நீரும் கலந்து சாக்கடை மாதிரித் தேங்கி நின்றதால் வஞ்சரமும் தெரியவில்லை, ராமதாசும் தெரியவில்லை.

மங்கம்மா பெயரை அழித்துவிட்டாள் என்ற சேதி மீன் வேன் ஏறி மறுநாளே எர்ணாவூருக்குப் போய்ச் சேர்ந்தது. மகள் காதுகுத்துக்கு வராத ராமதாஸ், மாமனார் செத்ததுக்கு வராத ராமதாஸ், அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கினார்.

"என் பேர அழிக்க நீ யாருமே?"

"என் கைதான்யா இது."

"கை உன்னுது. பேரு என்னுது."

நேராகப் படகுக்காரர் சங்கத்தில் போய்ப் பிராது கொடுத்தார். அன்று சாயந்திரமே சங்கத் தலைவர் சுடலைராஜ் ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்து விசாரித்தார். டீசல் மானியம் பற்றிப் பேசக் கூப்பிட்டால் நாலு பேர் வரும் சங்கம், அன்றைக்கு நிற்க இடமில்லாமல் நிறைந்திருந்தது.

"கட்னவன் பேர அழிக்கிறது நல்லதில்ல மங்கம்மா" என்றார் சுடலைராஜ். "ஊருக்கே ஆவாது."

மங்கம்மா பொருளாளரைப் பார்த்தாள். அவர் நெஞ்சில் பழைய காதலியின் பெயருக்கு மேல் ஒரு சிங்கம் வாயைப் பிளந்துகொண்டிருப்பது துறைமுகத்துக்கே தெரியும். அவர் சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டார்.

"ஆம்பள அழிச்சா சிங்கம், பொம்பள அழிச்சா பஞ்சாயத்தா தலைவரே?"

தலைவர் பேச்சை மாற்றினார். "மொதல்ல பேரு போச்சா இல்லியான்னு பாக்கணும். அத்த தொற."

"தொறக்கக் கூடாது. திங்கக்கெழமதான்."

"யாரு சொன்னது?"

"குத்துன பொண்ணு."

கோர்ட்டுத் தடையையே மதிக்காத சங்கம் இதற்கு மட்டும் அடங்கிப்போனது. கூட்டத்தில் முக்கால்வாசிப் பேர் பச்சை குத்திக்கொண்டு, அவசரப்பட்டுச் சொறிந்து, பட்டு அனுபவித்தவர்கள். ஒருவர் தன் தோளில் குத்தியிருந்த வேல் படத்தைக் காட்டினார். மூன்றாம் நாளே பக்கைப் பிய்த்ததில் அது குடை மாதிரி ஆகியிருந்தது. "அவசரப்படாத தலைவரே" என்றார் நொந்துபோய். வழக்கு திங்கட்கிழமைக்குத் தள்ளிவைக்கப்பட்டது.

"அதுவரைக்கும் என் பேருக்கு யாரு பொறுப்பு?" என்று கேட்டார் ராமதாஸ். கேட்டுவிட்டு அவரே பொறுப்பேற்றுக்கொண்டார்.

காலையில் வந்து மங்கம்மா வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வார். அவள் வெளியே வந்தால் கையைத்தான் பார்ப்பார். "அய்யய்யோ, ஓரமா ஒழுகுதே! என் பேரு கரையுதுமே!" என்று அலறுவார். கைக்குச் சிரமம் ஆகக் கூடாதென்று மீன் கூடையைத் தானே தலையில் தூக்கி வைத்துக்கொண்டார். ஐஸ் பெட்டியை இழுத்தார். குடித்தனம் நடத்திய காலத்தில் ஒரு குடம் தண்ணீர் தூக்காத மனுஷன். வெயில் பட்டால் மை மங்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, கடையில் அவள் பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு நின்றார். வியாபாரம் ஒன்றுக்கு இரண்டாக நடந்தது. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் சும்மா போகக் கூச்சப்பட்டு நெத்திலியாவது வாங்கிக்கொண்டு போனார்கள்.

"நைனாவ இப்பிடியே வெச்சிக்கலாமாமா?" என்று கேட்டாள் பவானி.

"பிளாஸ்திரி இருக்கிற வரைக்கும் இருக்கட்டும்" என்றாள் மங்கம்மா.

சனிக்கிழமை மத்தியானம் அவள் வியாபாரம் முடிந்து வீட்டில் கண் அசந்தபோது கை சில்லென்றது. கண் திறந்தால், ராமதாஸ் முட்டி போட்டு உட்கார்ந்து, நகத்தால் பிளாஸ்திரியின் ஓரத்தைக் கெல்லிக்கொண்டிருந்தார். பாதி உரிந்து கறுப்புத் தண்ணீர் பாயில் ஒழுகியது. கறை 'ரா' மாதிரி இருக்கிறதா என்று அவர் பாயையும் குனிந்து பார்த்தார்.

மங்கம்மா விட்ட அறை தெருவில் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தவனுக்குக் கேட்டது. உரிந்த ஓரத்தைத் துணியால் பொத்திக்கொண்டு ஜெரினாவிடம் ஓடினாள். ராமதாஸும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார்.

"நீங்க வெளிய நில்லுங்க அங்கிள்" என்று கதவைச் சாத்தினாள் ஜெரினா. பழையதை உரித்து, வாசனை இல்லாத சோப்பால் மெதுவாகக் கழுவி, ஒற்றித் துடைத்து, காயவிட்டு, புதிதாக ஒன்று ஒட்டினாள். "நல்லவேள, மீன் தண்ணி போவல. இன்னொரு தபா யாரும் கைய வெச்சாங்கன்னா எனக்கு போன் போடுங்க, நானே வரேன்." கழுவியபோது மங்கம்மா தன் கையை முதல்முறையாகத் தெளிவாகப் பார்த்தாள். என்ன இருந்தது என்று வெளியே வந்து யாரிடமும் சொல்லவில்லை. ராமதாஸ் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கெஞ்சிக்கொண்டே வந்தார்.

திங்கட்கிழமை சங்கத்து வாசலில் வெதுவெதுப்பான தண்ணீரைப் பவானி சொம்பில் கொண்டுவந்தாள். மங்கம்மா பிளாஸ்திரியை மேலே தூக்கிப் பிய்க்காமல், தோலை ஒட்டியே நீட்டி நீட்டி இழுத்தாள். "மெதுவா, மெதுவா" என்று அத்தனை ஆண்களும் ஒரே குரலில் சொன்னார்கள். அந்தச் சங்கம் ஒன்றுபட்டு எதையும் சொன்னது அதுதான் முதல் தடவை.

வஞ்சரம் வெளியே வந்தது. முதுகு கருநீலம், வயிறு சாம்பல், உடம்பெல்லாம் புள்ளி. ஏலக்காரரின் வாய் தன்னையறியாமல், "ஏழு கிலோ தேறும்" என்றது.

ராமதாஸ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தலையிலிருந்து வால் வரைக்கும் தேடினார். செதிலுக்குள் தேடினார். துடுப்புக்குக் கீழே தேடினார். "தலைவரே, இந்த வால்ல 'ஸ்' மாரி ஒண்ணு கீதே?"

சுடலைராஜ் குனிந்து பார்த்தார். அது வால்தான். ஆனால் வீட்டுக்குச் சாப்பிடப் போக நேரமாகிக்கொண்டிருந்தது. நிமிர்ந்து உட்கார்ந்து தீர்ப்பு சொன்னார்: "பேரு அழியல. உள்ளதான் கீது. மீனு முழுங்கிகினு கீது. ரெண்டு தரப்பும் இத்தோட வுட்ருங்க."

ராமதாசுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தன் பெயர் ஏழு கிலோ வஞ்சரத்துக்குள் பத்திரமாக இருப்பதாக எர்ணாவூர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். மீன் கூடை தூக்க மட்டும் அதற்குப் பிறகு வரவில்லை.

அடுத்த வாரம் மங்கம்மாவின் கடைக்கு முன்னால் ஒரு பெண் வந்து தயங்கி நின்றாள். மீனைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தாள்.

"நான் கார்குழலி. எர்ணாவூரு" என்றாள். ராமதாஸ் குடித்தனம் போன வீட்டுக்காரி. மங்கம்மா கத்தியைக் கீழே வைத்தாள்.

கார்குழலி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ஜாக்கெட் கையைக் கொஞ்சம் மேலே ஏற்றினாள். தோளுக்குக் கீழே, பச்சை எழுத்தில், ராமதாஸ்.

"ரெண்டு நாளு இங்க வந்து உன்க்குக் குடை புடிச்சிகினு நின்னாராமே. என் கைய ஒரு நாளு திரும்பிப் பாத்ததில்ல" என்றாள். "அந்தக் கடை எங்க கீதுக்கா?"

மங்கம்மா அவளுக்கு ஒரு முக்காலியை நகர்த்திப் போட்டாள்.

"ராயபுரம். ஜெரினான்னு கேளு. நல்ல பொண்ணு" என்றாள். "மொத ரெண்டு மூணு நாளு கறுப்பா தண்ணி கட்டும், பயப்படாத. மஞ்ச வெக்காத, எண்ண வெக்காத. அவர மட்டும் கிட்ட சேக்காத. நகம் வெச்சி நோண்டுவாரு."