தடித்த பொறி

கச்சிராயபாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த தன் பட்டறையில் பூமாலை மொபெட்டை உதைத்துக் கிளப்பினான். பலகை மேல் பாடிக்கொண்டிருந்த ரேடியோ, பாட்டை விட்டுவிட்டுக் கரகரவென்று இரைந்தது. வண்டியை அணைத்தான். பிளக்கைக் கழற்றிவிட்டு, காலையில் கள்ளக்குறிச்சியில் வாங்கி வந்த, பொறி மெலிந்த வேறு வகை பிளக்கை மாட்டி மறுபடி உதைத்தான். வண்டி ஓடியது; பாட்டும் ஓடியது. நான்கு தரம் மாற்றி மாற்றிப் பார்த்தான். நான்கு தரமும் அப்படியேதான். ஆயில் டின் மேல் உட்கார்ந்துவிட்டான்.

குஞ்சம்மாளைப் புதைத்தது நேற்று. அவளைக் கொன்றது ஒரு விமானம்.

நாராயணசாமியின் மச்சான் துபாயிலிருந்து கொண்டுவந்த சின்ன விமானம் அது. ஆள் நீளத்துக்கு இறக்கை, மூக்கில் பெட்ரோல் எஞ்சின். தரையில் நின்றபடி, கம்பி நீட்டிய ஒரு ரேடியோ பெட்டியால் அதை ஓட்ட வேண்டும். நாராயணசாமியின் சோளக்கொல்லையில் கிளித் தொல்லை தாங்கவில்லை. பரண் மேல் நின்று தகரம் தட்டிக்கொண்டிருந்த கூலியாள் அம்மாசியிடம் பெட்டியைக் கொடுத்தார். பத்தே நாளில் கற்றுக்கொண்டான் அம்மாசி. கதிருக்கு ஒரு முழம் மேலே அவன் ஓட்டுவதைப் பார்க்க வடக்கனந்தலிலிருந்துகூட சைக்கிளில் வந்தார்கள்.

போன வாரம் அதன் பிளக் செத்துப்போனது. நாராயணசாமி பழையதைக் கையில் கொடுத்து, "இதே மாதிரி வாங்கிப் போட்டுடு பூமாலை" என்றார். கடைக்காரர் அதே அளவில் இரண்டு வகையை எடுத்து வைத்தார். ஒன்று, பழையதைப் போலவே உள்ளே மின்தடை வைத்துப் பொறியை மட்டுப்படுத்தியது. மற்றது தடை இல்லாதது. பூமாலை தொழில் வழக்கப்படி இரண்டையும் தன் மொபெட் எஞ்சினில் சாய்த்துப் பிடித்து உதைத்துப் பார்த்தான். தடை வைத்ததில் பொறி நூலாக வந்தது. மற்றதில் நீலமாக, தடியாக, சட்சட்டென்று அடித்தது. இருபது வருஷமாக அவன் பிளக் தேர்ந்தெடுப்பது இப்படித்தான். மெலிந்த பொறியை அவன் எந்த வண்டிக்கும் கொடுத்ததில்லை. தடித்ததையே மாட்டிவிட்டு, "கம்பெனிக்காரன் போட்டதவிட ஜாஸ்தி பவருங்க" என்று பெருமை வேறு அடித்துக்கொண்டான்.

விமானம் கிளம்பியது. பக்கத்தில் இருந்தவரை பெட்டி சொன்னதைக் கேட்டது. தூரம் போனதும் கேட்கவில்லை. ஒரு குலுங்கு குலுங்கி, அடுத்த கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் பக்கம் பாய்ந்தது. எல்லோரும் குனிந்தார்கள். குஞ்சம்மாள் மட்டும் என்னவென்று பார்க்க நிமிர்ந்தாள். மூக்கில் சுழன்ற விசிறி அவள் கழுத்தில் இறங்கியது.

அம்மாசிதான் கை தவறிவிட்டான் என்றது ஊர். கேட்காமல் எடுத்துவிட்டான் என்று போலீஸில் எழுதிக் கொடுத்தார் நாராயணசாமி. அம்மாசியைப் பிடித்துப்போனார்கள். பூமாலையும் அப்படித்தான் நினைத்திருந்தான். சாவுக்குப் போய்த் திரும்பும்போது, டீக்கடை வாசலில் ஒரு ஸ்கூட்டர் கடந்ததும் கடை ரேடியோ கரகரத்தது. வண்டியின் பொறி ரேடியோவைக் கெடுக்கிறதென்றால், தான் மாட்டிய தடித்த பொறியும் பெட்டி சொன்னதை விமானத்துக்குக் கேட்கவிடாமல் செய்திருக்குமோ என்று அப்போதுதான் அவனுக்குத் தோன்றியது.

"அண்ணே, இன்னா இப்பிடி உக்காந்துகினு கீற?" பட்டறை வாசலில் அம்மாசியின் மனைவி ரங்கம்மாள் நின்றாள். "அந்த ஆள சாயங்காலம் கோர்ட்டுக்கு இட்டுக்கினு போறாங்களாம்."

"நீ எதுனா துன்னியா?"

"சோறு எங்க எறங்குது? குடிச்சிட்டு ஓட்டுனானான்னு கேக்குறாங்கண்ணே. மோரு குடிச்சாவே தூங்கிப்பூடும் அந்த ஆளு. மிஷினு கோளாறுன்னு நீ ஒரு வார்த்த வந்து சொல்லு. நீதான அதும் வாயில கைய வுட்டவன்."

சொன்னால், ஸ்டேஷனில் அம்மாசி உட்கார்ந்திருக்கும் பெஞ்சில் தான் உட்கார வேண்டும். அப்புறம் எவன் வண்டியைக் கொண்டுவந்து விடுவான்? வீட்டில் இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. தெரிந்த சாட்சி ஒன்றே ஒன்று, அந்த ரேடியோ. அதையும் இரண்டு பிளக்குகளையும் துணிப்பையில் போட்டுக்கொண்டு மொபெட்டை எடுத்தான். பின்னால் ரங்கம்மாள் ஏறிக்கொண்டாள்.

ஸ்டேஷனில் எஸ்.ஐ. முழுதும் கேட்டார்.

"பிளக்கு வானத்துல கீது. பெட்டி இவன் கையில. நடுவுல ஒரு கயிறுகூட இல்ல. நீ போட்ட பிளக்கு எப்பிடிய்யா இவன் கையப் புடிச்சி இழுக்கும்?"

எழுதிக்கொண்டிருந்த ஏட்டு சிரித்துவிட்டார்.

"அய்யா, வாசல்ல வண்டி கீதுங்க. கெளப்பிக் காட்றேங்க. ரேடியோ எப்பிடி கத்துதுன்னு நீங்களே கேளுங்க."

"இங்க இன்னா பாட்டுக் கச்சேரியா நடக்குது? சொந்தக்காரரே எழுதிக் குடுத்துட்டாரு. இவனும் ஒத்துக்கினான். பஞ்சர் ஒட்டுறவன் பஞ்சர் ஒட்டு, வக்கீலா ஆவாத. போ."

பூமாலை போகவில்லை. சுவரோரம் பெஞ்சில் இருந்த அம்மாசியின் முன்னால் குந்தினான்.

"உம்மேல தப்பே இல்ல அம்மாசி. நான் போட்டதுதாண்டா. நான்தாண்டா."

அம்மாசி நிமிரவில்லை. "வுடுண்ணே. சோத்தாங்கை பக்கம் தள்ளணும். நான்தான் லேட்டா தள்ளிட்டேன்."

அவன் மடியில் பெட்டி இல்லை. ஆனாலும் கட்டைவிரல்கள் இரண்டும் வெறும் காற்றை வலப்பக்கம் தள்ளின. நின்றன. மறுபடி, இன்னும் கொஞ்சம் சீக்கிரமாக, தள்ளின.