ஆணி ஏறிய மரம்

சிங்காரவேலு விடியுமுன் எழுந்து பல் விளக்கினான். அம்மா வாசற்படியில் டீயை வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போனாள். குடித்தான். தூங்கும் மகளின் போர்வையைச் சரிசெய்தான். பிறகு கொட்டகைக்குப் போய், முந்தின நாள் இழுப்பைத் தளர்த்தி வைத்திருந்த ரம்பத்தைச் சக்கரங்களிலிருந்து கழற்றினான். வளையமாகச் சுற்றி ஓடும் பட்டை ரம்பம் அது. டீசல் நனைத்த துணியால் பிசினைத் துடைத்து, தீட்டும் மிஷினில் மாட்டினான். சாணைக்கல் ஒவ்வொரு பல்லாக இறங்கி ஏறியது. எல்லா நாளும் இப்படித்தான் தொடங்கியது.

பி.எஸ்ஸி. படித்துவிட்டு சிங்கப்பூர் போனவன். மனைவி மங்களம் இறந்த பிறகு திரும்பிப் போகவில்லை. புயல் வந்து திருத்துறைப்பூண்டிப் பக்கம் மரங்களைச் சாய்த்துப் போட்டபோது, மினி லாரிக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகும் அறுவை மிஷின் ஒன்றை வாங்கினான். மரம் கிடக்கும் இடத்துக்கே போய் அறுத்துக் கொடுக்கலாம்.

அறுப்பது ஒன்றுமில்லை, தீட்டுவதுதான் தொழில் என்று முதல் வாரமே தெரிந்துவிட்டது. நன்றாகத் தீட்ட வேண்டுமென்று கல்லை அழுத்தினான். பல் நீலம் பாரித்தது. சூட்டில் பதம் போன பல் தென்னையின் வைரத்தில் இரண்டு முழம்கூட ஓடவில்லை. கல் தொட்டும் தொடாமலும் போக வேண்டும். நுனியை மட்டும் தேய்த்தாலும் ஆகாது. பல்லுக்கும் பல்லுக்கும் நடுவிலுள்ள குழியையும் சேர்த்துத் தேய்க்காவிட்டால் அங்கே விரிசல் விட்டு ரம்பம் அறுந்துபோகும். சில ரம்பங்களை அறுத்துத் தொலைத்த பிறகுதான் கை படிந்தது.

அன்றைக்கு வேலை தங்கையன் வீட்டில். அவர் கூரைமேல் விழுந்த கோயிலடிப் புளியமரம். அது நின்ற இடம் கோயிலுடையதா புறம்போக்கா என்று ஊரில் உள்ள இரண்டு கட்சிக்காரர்களும் வருஷக்கணக்கில் தாசில்தார் ஆபீசுக்கு நடந்தார்கள். புயல் வேரோடு தள்ளியதும் இருவருமே மரத்தை மறந்துவிட்டார்கள். இடித்த வீட்டுக்கே இருக்கட்டும் என்று ஊர் விட்டுக்கொடுத்தது. தங்கையன் கதவும் நிலையும் செய்துகொள்ளலாம் என்றிருந்தார்.

பேய் பிடித்ததாகச் சொல்லப்பட்ட பெண்களை அந்த மரத்தடிக்குத்தான் கொண்டுவருவார்கள். பூசாரி உச்சி முடியைக் கொத்தாகப் பிடித்து, மரத்தோடு வைத்து ஆணி அடிப்பார். பிறகு முடியை அறுத்துப் பெண்ணை விடுவிப்பார். பேய் ஆணியோடு மரத்தில் நின்றுவிடும் என்பது ஊரின் நம்பிக்கை. பிள்ளை பெற்ற பச்சை உடம்போடு மங்களத்தையும் அங்கேதான் கொண்டுபோனார்கள். அந்த மரத்தடியிலேயே அவள் உயிர் போயிற்று. அப்போது அவன் சிங்கப்பூரில் இருந்தான்.

வெளியே தெரிந்த ஆணிகளை முந்தின நாளே பிடுங்கிவிட்டுத்தான் அறுத்தான். பழைய ஆணிகளை மரம் விழுங்கி, மேலே பட்டை மூடியிருந்தது. ரம்பம் கிறீச்சிட்டு நின்றது. ஒரு சாண் நீளத்துக்குப் பல்லே இல்லை. வேறு ரம்பம் மாட்டினான். அதுவும் ஆணியில் போய் நின்றது. கழற்றி, லாரியில் கொண்டுவந்த தீட்டும் மிஷினில் மாட்டினான்.

"தம்பி, அரை மணி நேரம் அறுக்குறீங்க, அரை நாளு தீட்டுறீங்க. இது அறுவை மில்லா, சாணைக்கடையா?" என்றார் தங்கையன்.

"உங்க மரம் கடிக்குதுண்ணே."

"கடிக்காம? ஊருல உள்ள பேயெல்லாம் உள்ளதான குடியிருக்கு. வாடகையும் கொடுக்காது, காலியும் பண்ணாது."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். சிங்காரவேலு ரம்பத்தைத் தடுத்த ஆணியைக் குறட்டால் இழுத்தான். துருவோடு நாலைந்து மயிர் சுற்றிக்கொண்டு வந்தது. தங்கையன் சிரிப்பை நிறுத்தினார். அது யாருடையது என்று கேட்கவில்லை. சிங்காரவேலுவுக்கும் தெரியாது. பிடுங்கிய ஆணிகள் கிடந்த தகர டப்பாவில் போட்டான்.

அப்போதுதான் தங்கையனின் மனைவி காத்தாயி கொல்லைப் பக்கமிருந்து ஓடிவந்தாள். மகள் சாவித்திரி தலைப்பிரசவத்துக்கு வந்தவள். குழந்தை பிறந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது.

"இந்தாங்க, விடிஞ்சதுலேர்ந்து சாவித்திரிக்குத் தலை பொளக்குதாம். கண்ணு முன்னாடி என்னமோ மின்னுதுங்குது. காலு ரெண்டும் வீங்கிக் கெடக்கு. பூசாரியக் கேட்டேன். ஆணியப் புடுங்கிட்டீங்க, கட்டுல நின்னது கெளம்பி, பச்சை உடம்பாப் பாத்து ஏறிருச்சுன்னாரு. அந்த ஆணி வேணுமாம். வாய்க்காங்கரை இலுப்பையில திருப்பி அடிக்கணுமாம்."

சிங்காரவேலு எழுந்தான். "அக்கா, ஆஸ்பத்திரிக்கு அழைச்சிட்டுப் போங்க."

"போவலாம் தம்பி. இத முடிச்சிட்டுப் போவலாம்," என்றார் தங்கையன். அவர் முகம் வெளுத்திருந்தது.

"உங்க வூட்டுல பட்டது போதாதா?" என்றாள் காத்தாயி. "மங்களத்துக்கு ஆணி எறங்க நேரமாயிருச்சு. அதான் கொண்டுட்டுப் போயிருச்சு. எம்மவளையும் வாரிக் கொடுக்கச் சொல்றீங்களா? ஆணியக் குடுங்க தம்பி."

அவன் டப்பாவை நீட்டினான். இருவரும் போய்விட்டார்கள். உட்கார்ந்து மிஷினைப் போட்டான். கல் சுற்றியது. ஒரு பல், அடுத்த பல். வாய்க்கால் பக்கமிருந்து உடுக்கைச் சத்தம் வந்தது. மிஷின் சத்தத்தில் அது பாதிதான் கேட்டது. அவனுக்கு அதுவே வசதியாக இருந்தது.

கருகல் வாடை வந்தபோது குனிந்து பார்த்தான். கல்லைத் தூக்காமலே இருந்திருக்கிறான். பல் நீலமாகிப் புகைந்துகொண்டிருந்தது. அதற்குமுன் எத்தனை பல்லை எரித்தான் என்றும் தெரியவில்லை. மிஷினை நிறுத்தினான். உடுக்கைச் சத்தம் முழுசாகக் கேட்டது. அறுவை மிஷினை லாரியிலிருந்து கழற்றிவிட்டு வாய்க்கால்மேட்டுக்கு ஓட்டினான்.

இலுப்பை மரத்தடியில் கூட்டம். பூசாரி சாவித்திரியின் முடியை இழுத்துப் பிடித்திருந்தார். அவள் கையும் காலும் வெட்டிவெட்டி இழுத்தன. கடைவாயில் நுரை.

"ஆடுது பாரு, ஆடுது பாரு," என்றார்கள்.

"ஆடல. வலிப்பு," என்றான் சிங்காரவேலு. பூசாரியின் கையை விலக்கினான்.

"ஆணி எறங்கல. இப்பத் தூக்குனா தூக்குனவன் ரத்தம் கக்குவான்."

"கக்கிட்டுப் போறேன்."

அவள் தோளுக்கடியில் கை கொடுத்தான். ஒருத்தரும் கிட்டே வரவில்லை. தங்கையன் பூசாரியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். பிறகு குனிந்து அவள் கால்களைத் தூக்கினார்.

திருத்துறைப்பூண்டி ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஊசி போட்டுவிட்டு வெளியே வந்தார்.

"ரத்தக்கொதிப்பும்மா. புள்ள பொறந்துட்டா ஆபத்து முடிஞ்சுதுன்னு யாரு சொன்னா? ஒன்றரை மாசம் வரைக்கும் வரும். தலைவலி, கண்ணு மின்னுறது, வீக்கம், வலிப்பு, இதுல எது வந்தாலும் அந்த நிமிஷமே இங்க வரணும். காலையிலயே வந்திருந்தா வலிப்பு வராமத் தடுத்திருக்கலாம்."

"இப்ப?" என்றார் தங்கையன்.

"மூளையில ரத்தம் கசிஞ்சிருக்குமோன்னு பயமாயிருக்கு. தஞ்சாவூருக்கு அனுப்புறேன்."

ஆம்புலன்சில் தங்கையன் ஏறிக்கொண்டார். காத்தாயி குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்தாள். குழந்தை பாலுக்கு அழுதது. சிங்காரவேலு பக்கத்தில் நின்றான்.

"நாந்தான் தம்பி பூசாரிட்ட ஓடுனேன்," என்றாள். "காலையில சாவித்திரி என்னையத்தான் கூப்பிட்டுச்சு. தலை வலிக்குதும்மா, தலை வலிக்குதும்மான்னு. அதுதான் பேசுதுன்னு எனக்குத் தோணல, பேயி பேசுதுன்னு நெனச்சேன்."

அவன் அவளுக்குக் கீழ்ப்படியில் உட்கார்ந்தான்.

"மங்களம் கடைசியா, ஆத்துல விழுந்து செத்தவ பேரச் சொல்லிக் கத்துச்சாமே? ஊரே சொல்லுச்சே."

"அது வலிப்பு, அக்கா. அந்த நேரத்துல பேரு ஏது, பேச்சு ஏது? ஊரு வச்ச பேரு அது." குரலை உயர்த்தாமல் சொன்னான். "பேயி யாரையும் கொல்லல. ஒரு பொண்ணு வலிக்குதுன்னு சொன்னா, அவதான் சொல்றான்னு நம்பணும். நம்பித் தூக்கிட்டு ஓடணும். நாம நம்பல. அதுலதான் அவ செத்தா."

காத்தாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கேட்டாள். "அப்ப மங்களம் என்னதான் தம்பி சொல்லுச்சு?"

மங்களம் போனில் கூப்பிட்டபோது அவன் ஷிப்டுக்குப் போகும் பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்தான். அம்மா சொல்றபடி கேளு என்று சொல்லிப் போனை வைத்துவிட்டான். அதை அவன் காத்தாயியிடம் சொல்லவில்லை. மங்களம் சொன்னதை மட்டும் சொன்னான்.

"தலைவலி தாங்க முடியலங்க. கண்ணு மங்குது. உங்கம்மா கோயிலுக்குக் கெளம்புங்கறாங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னா ஆஸ்பத்திரிக்கு அழைச்சிட்டுப் போவாங்க. சொல்லுங்க."